எண்ணெய் கீழேதான் இறங்கும்

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கே போனாலும் முதலில் தரையைப் பார்ப்போம். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடினால் அதன் அடியில் பார்ப்போம். டீக்கடை எதிரில் லாரி நின்றால் டீ வருவதற்குள் அதன் அடியிலும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். நான் 31 வருடம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். 2014-ல் ஓய்வு பெற்று மத்தூருக்கே திரும்பி வந்துவிட்டேன். கண் மட்டும் இன்னும் தரையை விட்டு எழவில்லை.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. மெஷின் அடியில் எண்ணெய்த் துளியைப் பார்த்தால் உடனே துடைக்காதே. எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு அப்புறம் துடை. கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். 2023-ல் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் கோணிப்பையை விரித்துப் படுத்துக்கொண்டு அதே பாடத்தை ஆரம்பத்திலிருந்து படித்தேன். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். வண்டி இல்லாதவர்களும் படிக்கலாம், நடுவில் குக்கரும் வருகிறது.

கார் என் தம்பியுடையது. சான் ஸ்டார்ம் என்று ஒரு கார் வந்தது பலருக்கு நினைவிருக்காது. 1990-களின் கடைசியில் பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இரண்டு பேர் உட்காரும் கார். மேல் கூரையை எடுத்துவிட்டு ஓட்டலாம். உடம்பு முழுக்க ஃபைபர்கிளாஸ். உள்ளே இருப்பது ரெனோவின் 1,149 சிசி பெட்ரோல் எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். இன்றைக்கு மளிகை வாங்கப் போகிற சாதாரணக் கார்களிலேயே இதைவிட அதிகம் இருக்கிறது. ஆனால் தாழ்வாக உட்கார்ந்து, தலைக்கு மேலே வானத்தை வைத்துக்கொண்டு ஓட்டும்போது 60 என்பதே ஆறு நூறு மாதிரி இருக்கும். தம்பி அதை 2009-ல் இரண்டாம் கையாக வாங்கினான். முதல் பதிவு 2003. "வயசான காலத்துல எதுக்குடா?" என்று கேட்டேன். "வயசாயிட்டா ஏற முடியாதுண்ணா, அதான் இப்பவே" என்றான்.

2022-ல் அவன் காலமானான். அதற்கு முந்தைய மூன்று வருடம் உடம்பு சரியில்லாமல் வீட்டோடு இருந்தான். கார் அவன் வீட்டு போர்ட்டிகோவில் உறை போர்த்தி நின்றது. அவன் போன பிறகு மகள் அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்தாள். இரண்டே வாரத்தில் தரையில் கருப்பு வட்டம் விழுந்தது.

பெங்களூரில் ஒரு பணிமனையில் காட்டினாள். எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப் இருக்கிறதல்லவா, அதன் பேக்கிங் போய்விட்டது என்று சொல்லி மாற்றித் தந்தார்கள். பத்து நாளில் மறுபடி வட்டம். இன்னோர் இடத்தில் காட்டியபோது, சம்ப் இல்லை, கிராங்க் ஷாஃப்டின் முன்பக்க ஆயில் சீல் என்றார்கள். அதுவும் மாறியது. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஒழுக ஆரம்பித்தது. இரண்டு இடத்திலும் சேர்த்து 23,000 ரூபாய் ஆகியிருந்தது. இதற்குள் ஓட்டும்போது புகை நாற்றம் வேறு.

காரின் பதிவு 2023 செப்டம்பரில் முடிகிறது. பதினைந்து வருடம் தாண்டிய தனியார் கார்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆக உயர்ந்திருந்தது. பசுமை வரி தனி. வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். அதற்கு முன் தந்தை பெயரிலிருந்து மகள் பெயருக்குப் படிவம் 31 கொடுத்து மாற்ற வேண்டும். இத்தனையும் செய்வதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்பது அவள் கவலை. எடைக்குப் போடலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னாராம். ஃபைபர் உடம்புக் காரை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும், பழைய பீரோவுக்குக் கிடைப்பதுகூடக் கிடைக்காது.

ஜூன் மாதம் ஒரு லாரியில் ஏற்றிக் காரை மத்தூருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"பெரியப்பா, நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. வச்சுக்கலாம்னா வச்சுக்கறேன், குடுத்துடலாம்னா குடுத்துடறேன். ஆனா ஆபத்துன்னா என் மனசுக்காக ஒளிக்காம சொல்லிடணும்."

"சரி கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

எண்ணெய் ஒழுகுவதில் என்ன பெரிய ஆபத்து என்று தோன்றலாம். மூன்று இருக்கிறது. ஒன்று, அளவு தெரியாமல் குறைந்து எஞ்சின் காய்ந்துபோவது. இரண்டாவது, எண்ணெய் சூடான சைலன்சர் குழாயின் தலைப்பகுதியில் விழுவது. அங்கே புகை வந்தால் நெருப்புக்கு ரொம்ப தூரமில்லை. ஃபைபர்கிளாஸ் உடம்பு தீப்பிடித்தால் இரும்பு மாதிரி நின்று யோசிக்காது. மூன்றாவது டைமிங் பெல்ட். பல்லுள்ள ரப்பர் பட்டை அது. கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது அதுதான். எஞ்சின் எண்ணெயில் ஊறினால் அந்த ரப்பர் உப்பி, மெத்தென்றாகி, பல் உதிரும். ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே எஞ்சின் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தம்பி மகள் கேட்டது இதைத்தான்.

மத்தூரில் ஸ்போர்ட்ஸ் கார் மெக்கானிக் கிடையாது. டிராக்டர் மெக்கானிக் உண்டு. நாற்பது வருடமாக அதே ஷெட்டில் இருக்கிற மேஸ்திரி. வீட்டுக்கு வந்து, மாமரத்தடியில் நின்ற காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே சுற்றி நின்றிருந்தார்கள். "ரேஸ் காரா தாத்தா?" என்று ஒருவன் கேட்டான். "ஒழுகற காரு" என்றார் மேஸ்திரி. அதோடு பாதிக் கூட்டம் கலைந்தது.

பெங்களூரில் சொன்னதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சம்ப் பேக்கிங், கிராங்க் சீல் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்ன வாக்கியத்தை என் பழைய தொழிற்சாலை வாசலில் எழுதி மாட்டலாம்.

"எல்லாரும் கீழயே பாத்திருக்காங்க சார். எண்ணெய் மேல ஏறாது, கீழதான் எறங்கும். நீங்க மேல பாருங்க."

சம்ப் என்பது எஞ்சினின் கடைசிப் படி. எங்கே ஒழுகினாலும் வழிந்து வந்து அங்கேதான் சொட்டும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்று வேறு எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே சொட்டும் இடத்தைப் பார்த்தால் போதாது. ஈரம் தெரிகிற மிக உயரமான இடம் எது, அதிலும் முன்பக்கமாக இருப்பது எது என்று தேட வேண்டும். ஆனால் இரண்டு வருட எண்ணெயும் தூசியும் அப்பிக்கிடக்கிற எஞ்சினில் எல்லா இடமும் ஈரம்தான்.

எனவே முதல் நாள் வேலை குளியல். எலக்ட்ரிகல் பகுதிகளைப் பாலிதீன் பையால் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். அழுக்குத் தண்ணீர் தோட்டத்தில் இறங்காமல் அடியில் தொட்டி வைத்துப் பிடித்தோம். பழைய எஞ்சின் எண்ணெய் கிணற்றுக்கும் மண்ணுக்கும் விஷம். அரசு விதிகளில் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பக்கம் கரையானுக்கு மருந்து என்று கதவு நிலையில் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அதை விட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் நாள் பவுடர். முகத்துக்குப் போடுகிற அதே பவுடர்தான். காய்ந்த எஞ்சின் மேல் டைமிங் கவர் பக்கம், கவரின் விளிம்பு, சம்ப் விளிம்பு என்று மெல்லத் தூவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டோம். எண்ணெய் கசியும் இடத்தில் வெள்ளைப் பவுடரில் பழுப்புக் கோடு விழும். கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போக வேண்டியதுதான். இதற்கென்று எண்ணெயில் கலந்து ஊதா வெளிச்சத்தில் பார்க்கும் சாயமும் விற்கிறார்கள். எங்களுக்குப் பவுடரே போதுமாக இருந்தது. என் மனைவிதான் டப்பா காலியானதற்கு இன்றுவரை கணக்குக் கேட்கிறாள்.

முக்கால் மணி நேரத்தில் கோடு விழுந்தது. சம்ப் விளிம்பில் வெளியிலிருந்து வந்த எண்ணெய்தான் இருந்தது. கிராங்க் சீல் மேலும் அப்படியே. கோடு டைமிங் கவருக்குள்ளிருந்து வந்தது. கவரைக் கழற்றினால், உச்சியில் கேம் ஷாஃப்ட் வெளியே தலை நீட்டும் இடத்திலுள்ள ஆயில் சீலைச் சுற்றி வளையமாக ஈரம். அங்கிருந்து இறங்கி, கவரின் உள்சுவர் வழியாக வந்து, கிராங்க் சீலை நனைத்து, சம்பில் சொட்டியிருக்கிறது. டைமிங் பெல்ட்டின் ஓர் ஓரம் பளபளவென்று எண்ணெயில் நனைந்திருந்தது. மேஸ்திரி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

ஆயில் சீல் என்பது சின்னப் பொருள். உலோக வளையம், அதில் ரப்பர் உதடு, உதட்டைச் சுற்றி ஒரு மெல்லிய சுருள்கம்பி. அந்த உதடுதான் சுழலும் தண்டை மெல்லக் கவ்விக்கொண்டு எண்ணெயை உள்ளே நிறுத்துகிறது. சாதாரண நைட்ரைல் ரப்பர் நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் வருடக்கணக்கில் கிடந்தால் மெல்ல மெல்ல இறுகி, பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். கழற்றிய சீலின் உதட்டை நகத்தால் தட்டினேன், 'டிக்' என்று சத்தம் வந்தது. ரப்பர் சத்தம் போடக்கூடாது. இதில் காரைச் செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது வருடம் சூட்டில் கிடந்தால் எந்தக் காரின் சீலும் இப்படித்தான் ஆகும்.

ரப்பர் வளைந்து கொடுக்காமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் சேலஞ்சர் விண்கலம். 1986 ஜனவரி 28-ஆம் தேதி புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். காரணம், ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் ஓ-ரிங் அன்றைய குளிரில் இறுகிப்போனது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் அமுக்கி எடுத்துக் காட்டியே எல்லோருக்கும் புரியவைத்தார். அங்கே குளிர், இங்கே சூடு. ரப்பர் செய்யும் துரோகம் ஒன்றுதான்.

இந்தக் காருக்கு உதிரிபாகம் எங்கே தேடுவது என்று நினைக்கிறீர்களா? ஆயில் சீலுக்குக் காரின் பெயர் தேவையில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் போதும். 35, 50, 8 என்று கேட்டால் பேரிங் கடைக்காரர் எந்த வண்டிக்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்து வைப்பார். வெர்னியரில் அளந்துகொண்டு ஓசூர் போனேன். சர்வீஸில் இருந்தபோது போய்வந்த அதே கடை. அப்பா இருந்த நாற்காலியில் இப்போது மகன். கருப்பு நைட்ரைல் சீலை விட்டுவிட்டு, அதிகச் சூடு தாங்கும் பழுப்பு நிற விட்டான் ரப்பர் சீலாகக் கேட்டேன். அது 200 டிகிரி வரை தாங்கும். விலை 180 ரூபாய். கிராங்குக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஒரு முறை திறந்த இடத்தை மறுபடி திறக்கக் கூடாது.

பெல்ட்டுக்குத்தான் அலைச்சல். பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருந்த எண் பாதி அழிந்திருந்தது. பல்லை எண்ணினோம், அகலத்தை அளந்தோம். இதே எஞ்சின் ஐரோப்பாவில் ரெனோ கிளியோ, ட்விங்கோ கார்களில் ஓடியது. அதனால் அங்கே இந்தப் பெல்ட் அபூர்வப் பொருளல்ல. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர் எண்ணைச் சரிபார்த்து வரவழைத்துத் தந்தார். 12 நாள் ஆனது, 3,800 ரூபாய்.

பெல்ட் வரும்வரை சீலை மட்டும் அடித்து வைத்துவிடலாமே என்றேன். மேஸ்திரி தலையாட்டவில்லை.

"இருங்க சார். இது எதனால ஒழுகுச்சுன்னு இன்னும் தெரியலையே."

"சீல் இறுகிப்போச்சே மேஸ்திரி, அதான் காரணம்."

"அது பழசு, இறுகிச்சு. பெங்களூர்ல போட்டது புதுசுதானே? கவர் கழட்டினப்ப பாத்தேன், அதுவும் வேர்க்க ஆரம்பிச்சிருக்கு. மூணே மாசத்துல புது சீல் ஏன் வேர்க்கணும்?"

நியாயமான கேள்வி. டிராக்டர் மெக்கானிக் என்பதால்தான் அந்தக் கேள்வி அவருக்கு வந்தது. புழுதியில் உழும் டிராக்டரில் முதலில் அடைபடுவது பிரீதர் என்கிற மூச்சுக்குழாய். பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெய் அறைக்குள் இறங்கும். அதை வெளியேற்றத்தான் அந்தக் குழாய். கார்களில் அது காற்று உள்ளே போகும் பாதையோடு இணைந்து, வாயுவை மறுபடி எரிய அனுப்பிவிடும். குழாய் அடைந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும்.

சாப்பிடும்போது இதை மனைவியிடம் கையை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். "குக்கர்ல வெயிட் ஓட்டையில பருப்பு அடைச்சா ஆவி கேஸ்கட் வழியாத்தான் வரும். புது கேஸ்கட் போட்டாலும் வரும். இதுக்கு ரெண்டு பேரு, நாலு நாளா?" என்றாள். 31 வருடத் தரக்கட்டுப்பாடு அந்த இடத்தில் வாய்மூடி ரசம் சாதம் சாப்பிட்டது.

மறுநாள் பழைய பெல்ட்டோடேயே நின்ற இடத்தில் எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாய்மேல் ஒரு மெல்லிய பாலிதீன் பையை விரித்தோம். மூச்சுக்குழாய் சரியாக இருந்தால் பை லேசாக உள்வாங்கும். எங்கள் பை பூரி மாதிரி உப்பியது. அடுத்து, வளையங்கள் தேய்ந்ததால் வாயு அதிகமாக இறங்குகிறதோ என்று நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தோம். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு, நல்ல அளவு. எஞ்சின் ஆரோக்கியம்தான், மூச்சுதான் முட்டுகிறது.

பிரீதர் குழாயைக் கழற்றிப் பிளந்தோம். உள்ளே வெண்ணெய் போலப் பழுப்பு வெள்ளையில் திரண்ட ஏதோ ஒன்று நிறைந்திருந்தது. குச்சியை விட்டால் அந்தப் பக்கம் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் கலந்து கடைந்தால் அப்படித்தான் திரளும்.

தண்ணீர் எப்படி வந்தது? பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கிளம்புகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும், கொஞ்சம் வளையங்களைத் தாண்டி உள்ளே இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உள்ளேயே குளிர்ந்து தங்கிவிடும். அடுத்த ஐந்து நிமிடம், இன்னும் கொஞ்சம். வாரம் ஐந்து நிமிடமாக மூன்று வருடம்.

குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்த ஐந்து நிமிடத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

உடம்புக்கு முடியாத அந்த மூன்று வருடமும் தம்பி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் உறையை விலக்கச் சொல்லி, போய் உட்கார்ந்து காரை ஸ்டார்ட் செய்வான். ஓட்ட முடியாது, கிளட்ச் மிதிக்கக் காலில் தெம்பில்லை. சும்மா ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். ஐந்து நிமிடம் ஆனதும் அணைத்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பான். காரைச் சொன்னானா வேறு எதையாவது சொன்னானா என்று நான் கேட்டதில்லை.

மேஸ்திரி புதுக் குழாய் வெட்டிப் போட்டார். அது எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாய், ஓர் அடி 90 ரூபாய். வால்வ் கவருக்குள்ளிருந்த பிரீதர் தடுப்புகளையும் கழுவி எடுத்தோம். பெல்ட் வந்ததும் சீல்களை மாற்றினோம். கேம் ஷாஃப்டில் பழைய உதடு பட்ட இடத்தில் முடி அளவுக்கு ஒரு கோடு தேய்ந்திருந்தது. புதுச் சீலை ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்தார் மேஸ்திரி. உதடு தேயாத இடத்தில் ஓடும். அளவுகோல் இல்லாமல் கட்டை விரல் நகத்தால் அதைச் செய்தார். அப்புறம் அளந்து பார்த்தேன், ஒன்றரைதான். எண்ணெயும் ஃபில்டரும் புதிது. அவர் கூலியும் சேர்த்து மொத்தம் 9,400 ரூபாய்.

ஊத்தங்கரை வரை ஓட்டிப் போய் வந்தோம். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து காற்றில் பறந்த துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். திரும்பியதும் அடியில் ஓர் அட்டையை விரித்தோம். முதல் காலை சுத்தம். இரண்டாம் காலை ஓர் ஈரம், எனக்கு நெஞ்சு திக்கென்றது. குனிந்து முகர்ந்து பார்த்தால் எங்கள் தெரு நாயின் உபயம். மூன்றாம் காலையும் சுத்தம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நின்ற இடத்தில் விழும் சொட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இருபது சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. ராத்திரி முழுக்க நூறு சொட்டு விழுந்தாலும் ஐந்து மில்லிதான். எண்ணெய் அதிகம் போவது ஓடும்போதுதான், அதை டிப் ஸ்டிக்தான் சொல்லும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும்வரை ஒவ்வொரு முறையும் பார்த்துக் குறித்தேன். அளவு அசையவில்லை.

ஆகஸ்டில் தம்பி மகள் வந்தாள். எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்திருந்தேன். இறுகிய சீல், எண்ணெய் குடித்த பெல்ட், பிளந்த குழாய். கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். குழாயைக் காட்டி, ஓடாமல் நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட்டால் இப்படி ஆகும் என்றேன். கெட்டிக்காரப் பெண், உடனே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா வாராவாரம் ஸ்டார்ட் பண்ணாரே பெரியப்பா. அதனாலயா?"

ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று ஜூனிலேயே சொல்லி வைத்தவள்.

"ஆமா கண்ணு, அதனாலதான் குழாய் அடைச்சது" என்றேன். "இன்னொண்ணும் கேட்டுக்கோ. அப்பா ஸ்டார்ட் பண்ணாம விட்டிருந்தா மூணு வருஷத்துல சிலிண்டர் துருப்பிடிச்சு பிஸ்டன் இறுகிப் போயிருக்கலாம். அப்ப எஞ்சினே போச்சு. நாலு சிலிண்டரும் இன்னிக்கு நல்லா இருக்கு, மேஸ்திரி அளந்து பாத்தார். குழாய் 90 ரூபா."

அவள் குழாயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் கேட்கவில்லை.

"இப்ப ஆபத்து இல்லையே?"

"இல்ல. எண்ணெயை வாராவாரம் பாரு. பெல்ட்டை அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்திடு, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும். முக்கியமா, நின்ன இடத்துல ஸ்டார்ட் பண்ணி அணைக்காதே. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து அரை மணி நேரம் நல்லா ஓட்டிட்டு வா."

இப்போது எங்கள் பக்கத்துப் போச்சம்பள்ளி சிப்காட்டில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்திருக்கிறது. மத்தூர்ப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். எஞ்சினும் கிடையாது, எஞ்சின் எண்ணெயும் கிடையாது. மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது, "அதுல என்ன ஒழுகும்னு இன்னும் நமக்குத் தெரியல சார், அவ்வளவுதான்" என்றார். அந்தப் பிள்ளைகளும் சிக்கல் வரும்போது சொட்டும் இடத்தோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும். எந்தப் பணிமனையும் ஏமாற்றத்தான் செய்யும் என்றில்லை. பெங்களூரில் மாற்றிய பாகங்களும் பழையவைதான். பாகம் மாற்றியதோடு கேள்வி முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், அவ்வளவே.

படிவம் 31, கட்டணம், வரி, வண்டிச் சோதனை எல்லாம் செப்டம்பருக்குள் முடிந்தன. பதிவு 2028 வரை இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு காலையில் அவள் கூரையைக் கழற்றிவிட்டு ஓசூர் தாண்டிச் சூளகிரி வரை வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்புகிறாள். மறுநாள் காலை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். காருக்கு அடியில் விரித்த அட்டையின் படம். அதில் ஒன்றும் இருக்காது. நானும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சரி கண்ணு" என்று பதில் போடுவேன்.